கணிப்பொறிக்குக் கற்பித்த அம்மையார்

ஊர் நடுவே பொதுக் கிணறு ஒன்று இருக்கிறது. அதனைத் தோண்டியவர் சிலரே. அதன் நீரைப் பருகுவோர் பலர். தாகம் எடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டாரும் புதிதாக ஒரு கிணறு தோண்டத் தொடங்கினால், உழவுக்கும் நெசவுக்கும் அவர்களுக்கு நேரம் ஏது? ஒருவர் செய்து வைத்த நல்ல பணியைப் பலரும் பயன்படுத்திக்கொண்டு, அதன்மேல் தம் பணியைத் தொடங்குவதே நாகரிக வளர்ச்சியின் வழியாகும். எழுத்தும் எண்ணும் அச்சும் நமக்கு அவ்வாறே கிடைத்தன.

ஆயினும், கணிப்பொறி தோன்றிய காலத்தில் அத்துறையில் இவ்வழி நன்கு அமையவில்லை. ஒரு கணக்கைப் பொறியிடம் ஒப்படைக்க விரும்புவோர், அதற்குரிய கட்டளைகள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை தாமே எண்களாலும் குறிகளாலும் எழுதவேண்டியிருந்தது. நேற்று ஒருவர் எழுதியதையே இன்று மற்றொருவர் மீண்டும் எழுதினார்; நேற்று நேர்ந்த பிழைகளே இன்றும் நேர்ந்தன. அந்நிலையை மாற்ற உழைத்த அறிஞர்களுள் முன்வரிசையில் நிற்பவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவார். ஒருமுறை செம்மையாகச் செய்து முடித்த கட்டளைகளைச் சேமித்து வைக்கலாம். வேண்டும்போது பொறியே அவற்றை எடுத்து இணைத்துக்கொள்ளுமாறு செய்யலாம் என்பதை அவர் செயலில் காட்டினார்.

பிறப்பும் இளமையும்

கிரேஸ் அம்மையார் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் வால்டர் மரே, காப்புறுதித் தொழில் செய்தவர். தாயார் மேரி, கணிதத்தில் மிக்க ஆர்வம் உடையவர். ஆனால், பெண்கள் உயர்கணிதம் பயிலுதல் வேண்டா என்று கருதப்பட்ட காலம் அது. ஆதலின் அவ்வம்மையாரின் ஆர்வம் முழுவதும் நிறைவேறவில்லை. தமக்குக் கிட்டாத வாய்ப்புத் தம் மகளுக்குக் கிட்டவேண்டும் என்று அவர் விரும்பினார்.

தந்தையாரோ நோயால் தம் கால்களை இழந்தவர். மரக்கால்களைப் பொருத்திக்கொண்டு, ஊன்றுகோல்களின் துணையால் நடந்து தம் தொழிலை விடாது நடத்தி வந்தார். துன்பம் எவருக்கும் எப்பொழுதும் வரலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால், தம் மகனுக்குக் கிடைக்கும் கல்வி மகளிர் இருவருக்கும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும் என்றும், அவர்கள் தம் காலில் நிற்க வல்லவராதல் வேண்டும் என்றும் எண்ணினார். மக்கள் மூவருள் மூத்தவர் கிரேஸ்.

கிரேஸுக்கு ஏழு வயது இருக்கும். ஒரு நாள், மணியடித்து எழுப்பும் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறியும் ஆவல் அவருக்கு எழுந்தது. கடிகாரம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளிருந்த சக்கரங்களும் சுருள்வில்லும் சிதறின. மீண்டும் பொருத்த இயலவில்லை. மற்றொரு கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து வழி அறியலாம் என்று கருதி அதனையும் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த கடிகாரங்கள் ஏழும் துண்டு துண்டாயின. செய்தி அறிந்த தாயார் மகளை ஒறுக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்து ஆராயுமாறு பணித்தார். அறிவு வேட்கையை அடக்காமல் அதற்கு ஓர் எல்லை வகுத்த அத்தாயின் பெருமையே பெருமை!

கல்வியும் ஆசிரியப் பணியும்

பதினாறாம் வயதில் கிரேஸ் வாஸர் என்னும் பெண்கள் கல்லூரியில் சேர விரும்பினார். இலத்தீன் மொழித் தேர்வில் அவர் தோல்வியுற்றார். அத்தோல்வி அவரைத் தளர்த்தவில்லை. ஓராண்டு காத்திருந்து பயின்று, 1924-ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் சேர்ந்தார். கணிதமும் இயற்பியலும் கற்று 1928-இல் பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்து, 1930-இல் முதுநிலைப் பட்டமும், 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்பாரை அவர் மணந்தார். அம்மணவாழ்வு 1945-இல் முடிவுற்றதாயினும், ஹாப்பர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 1931 முதல் தாம் பயின்ற வாஸர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார். கடினமான ஒன்றை எளிய பொருள்களைக் காட்டி விளக்கும் ஆற்றல் அவரிடம் அமைந்திருந்தது. அவ்வாற்றல் அவர் வாழ்நாள் முழுவதும் அவருக்குத் துணை நின்றது.

கடற்படையில் சேர்தல்

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கிற்று. அம்மையாரின் பூட்டனார் கடற்படையில் உயர்பதவி வகித்தவர். அம்மரபில் வந்த அம்மையாரும் கடற்படையில் தொண்டாற்ற விரும்பினார். ஆனால் தடைகள் பல இருந்தன. அவருடைய வயது மிகுதி என்றனர். உடல் எடையோ வேண்டிய அளவினும் 15 பவுண்டு குறைவாக இருந்தது. கணிதப் பேராசிரியர் கல்லூரியில் இருப்பதே நாட்டுக்கு நலம் என்றும் சிலர் கூறினர். அம்மையார் விடவில்லை. எடைக் குறைவிற்குத் தனி இசைவு பெற்று, 1943-ஆம் ஆண்டு டிசம்பரில் கடற்படையின் மகளிர் சேமப்பிரிவில் சேர்ந்தார். பயிற்சிப் பள்ளியில் முதன்மையாகத் தேறி, 1944-இல் படைத்துறை அலுவலர் ஆனார்.

அவரை எந்தக் கப்பலுக்கும் அனுப்பவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஐக்கன் என்னும் அறிஞர் மேற்பார்வையில் இயங்கிய மாபெரும் கணிப்பொறி ஒன்றினிடத்திற்கு அனுப்பினர். மார்க் ஒன்று என்பது அதன் பெயர். நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை ஏறத்தாழ 5 டன். அதனுள் 7,50,000-க்கும் மேற்பட்ட உறுப்புகள் இருந்தன. நொடிக்கு மூன்று கூட்டல் கணக்குகளை அது செய்யும். இக்காலக் கணிப்பொறிகளோடு ஒப்பிட்டால் அவ்வேகம் நத்தையின் வேகமே. எனினும், அக்காலத்தில் அது வியத்தகு பொறியாகக் கருதப்பட்டது.

அப்பொறிக்கு ஆணையிடுவது எளிதன்று. ஒவ்வொரு கட்டளையையும் குறிகளாக மாற்றி, நீண்ட தாள் நாடாவில் துளைகளாக இடவேண்டும். ஒரு துளை இடம் மாறினாலும் விடை தவறும். போர்க்காலம் ஆதலின் பொறி இரவும் பகலும் இயங்கிற்று. பீரங்கிக் குண்டுகள் செல்லும் தொலைவு முதலியவற்றின் அட்டவணைகளைக் கடற்படை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அம்மையாரும் உடன் பணியாற்றிய இளைஞர்களும் ஒரு வழக்கத்தை மேற்கொண்டனர். ஒரு கணக்கிற்கு எழுதிய கட்டளைகளுள் மீண்டும் பயன்படக் கூடியவற்றைத் தத்தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். ஒருவருக்கு வேண்டிய பகுதி மற்றொருவர் ஏட்டில் இருந்தால், அதனைக் கேட்டுப் பெற்றுப் படியெடுத்துக்கொண்டனர். பின்னாளில் அம்மையார் செய்த பெரும்பணிக்கு அக்குறிப்பேடுகளே வித்தாயின.

அப்பொறியை இயக்கும் முறைகளைத் தொகுத்து, 500 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு கையேட்டினை உருவாக்குவதிலும் அம்மையார் பெரும்பங்கு கொண்டார். அது 1946-இல் வெளிவந்தது. போர் முடிந்தபின் வாஸர் கல்லூரி அவரைப் பேராசிரியராக வருமாறு அழைத்தது. உறுதியான அப்பதவியை விடுத்து, எதிர்காலம் இன்னதென்று தெரியாத கணிப்பொறித் துறையிலேயே அவர் நிலைத்து நின்றார்.

படியெடுப்போர் படும் பாடு

1949-ஆம் ஆண்டில் அம்மையார் பிலடெல்பியா நகரிலிருந்த எக்கர்ட்–மாக்லி கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் என்னும் புதிய பொறி அங்கு உருவாகிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் ரெமிங்டன் ராண்டு என்னும் பெரிய நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. 1951-இல் யூனிவாக் பொறி அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறைக்கு ஒப்படைக்கப்பட்டது. வணிக நிறுவனங்களும் அத்தகைய பொறிகளை வாங்க முன்வந்தன.

பொறிகள் பெருகின, அவற்றுக்குக் கட்டளை எழுத வல்லவர்களோ மிகச் சிலர். அச்சிலரும் தம் காலத்தின் பெரும்பகுதியைப் பழைய வேலையை மீண்டும் செய்வதிலேயே கழித்தனர். குறிப்பேட்டிலிருந்து ஒரு பகுதியைப் புதிய கணக்கில் சேர்க்கும்பொழுது இரண்டு இடர்கள் நேர்ந்தன.

முதலாவது இடர் கூட்டலில் நேர்ந்தது. பொறியின் நினைவகத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் இட எண் உண்டு. குறிப்பேட்டில் உள்ள பகுதி சுழியம் என்னும் எண்ணிலிருந்து தொடங்கும்படி எழுதப்பட்டிருக்கும். புதிய கணக்கில் அது இருநூறாவது இடத்திலிருந்து தொடங்குவதாயின், அதில் வரும் இட எண் ஒவ்வொன்றோடும் இருநூற்றைக் கூட்டவேண்டும். கணிதம் கற்ற அறிஞர்களும் களைப்பு மிகுதியால் அதில் தவறினர்.

இரண்டாவது இடர் எழுத்தில் நேர்ந்தது. நான்கு என்னும் எண், வெற்றிடத்தைக் குறிக்கும் முக்கோணக் குறியாக மாறிவிடும். ஆங்கில எழுத்துகளில் இரண்டாவதாகிய 'பி', பதின்மூன்று என்னும் எண்ணாக உருமாறும். ஒரு குறி மாறியதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் தேடவேண்டியிருந்தது.

அம்மையார் இதனை எண்ணிப் பார்த்தார். கூட்டுவதும் படியெடுப்பதுமே மாந்தர் தவறும் இடங்கள். அவ்விரண்டையும் சலியாமல் பிழையின்றிச் செய்வதற்கென்றே ஒரு பொறி கண்ணெதிரே நிற்கிறது. அவ்வாறாயின், அவ்வேலையை ஏன் பொறியினிடமே ஒப்படைத்தல் ஆகாது? கேள்வி எளியது, ஆனால் அதனை அதுவரை கேட்டோர் மிகச் சிலரே.

தொகுப்பி தோன்றிய வரலாறு

1951-ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மையார் பணியைத் தொடங்கினார். முதலில், நன்கு சோதிக்கப்பட்ட கட்டளைப் பகுதிகளை ஒன்று திரட்டினார். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அடையாளக் குறி இட்டார். அவற்றைக் காந்த நாடாவில் வரிசையாகப் பதிந்து வைத்தார். நூலகத்தில் நூல்கள் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருப்பதைப் போன்றது இது. அதன்பின் அந்நூலகத்திலிருந்து வேண்டியவற்றை எடுத்துத் தரும் ஒரு தனிக் கட்டளைத் தொகுதியை எழுதினார். பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய பகுதிகளின் குறிகளை மட்டும் வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதும். பொறியே நாடாவைத் தேடும். உரிய பகுதிகளை எடுக்கும். இட எண்களைக் கூட்டித் திருத்தும். யாவற்றையும் இணைத்து முழுமையான கட்டளைத் தொகுதியாக்கித் தரும். பல பகுதிகளைத் தொகுத்துத் தருவதால் அதற்குத் தொகுப்பி என்னும் பொருளுடைய பெயரை அம்மையார் இட்டார்.

இப்பணியில் ஓர் இடையூறு தோன்றிற்று. சில கட்டளைகள், இன்னும் சேர்க்கப்படாத ஒரு பகுதிக்குத் தாவிச் செல்லுமாறு பொறிக்கு ஆணையிடும். அப்பகுதி எந்த இடத்தில் அமையும் என்பது அப்பொழுது தெரியாது. இதற்கு வழி யாது? அம்மையார் தம் கல்லூரி நாள்களில் ஆடிய கூடைப்பந்தாட்டத்தை நினைவு கூர்ந்தார். அக்கால மகளிர் ஆட்டவிதிப்படி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுந்தொலைவு ஓடுதல் கூடாது. ஆதலின், ஆடுபவர் பந்தை அருகில் உள்ள தோழியிடம் எறிந்துவிட்டு முன்னே ஓடுவார். தோழி அதனை மீண்டும் அவரிடமே எறிவார். அம்மையாரும் நினைவகத்தின் கடைக்கோடியில் ஒரு சிறு இடத்தைத் தோழியாக அமைத்தார். தாவவேண்டிய கட்டளை முதலில் அவ்விடத்திற்குச் செல்லும். உரிய பகுதி பின்னர் வந்து சேர்ந்ததும், அங்கிருந்து அப்பகுதிக்கு வழி காட்டப்படும். விளையாட்டில் கற்ற ஒன்று விஞ்ஞானத்திற்கு உதவிற்று.

1952-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிட்ஸ்பர்க் நகரில் கூடிய அறிஞர் மாநாட்டில் அம்மையார் இம்முறையை விளக்கிக் கட்டுரை படித்தார். கணிப்பொறியின் கல்வி என்னும் பொருள்படும் தலைப்பினை அதற்கு இட்டிருந்தார். ஆனால், பலர் அதனை நம்பவில்லை. கணிப்பொறி கணக்கு மட்டுமே செய்யும், கட்டளைகளை எழுத அதனால் இயலாது என்பது அவர்கள் கொள்கை. அம்மையார் செய்து முடித்த தொகுப்பி கண்ணெதிரே இயங்கிய பின்னும், நெடுநாள் அதனைத் தொடுவாரில்லை. அரிதின் முயன்று கற்ற கலை எல்லார்க்கும் எளிதாகிவிடுமோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர்.

இக்கருத்தில் அம்மையார் தனித்து நிற்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவர், கட்டளைப் பகுதிகளின் நூலகம் ஒன்றை அமைத்து, 1951-இல் அதுபற்றி நூலும் வெளியிட்டனர். அம்மையாரின் தோழியாகிய பெட்டி ஹோல்பர்ட்டன், செய்திகளை வரிசைப்படுத்தும் கட்டளைத் தொகுதியைப் பொறியே ஆக்கித் தருமாறு செய்திருந்தார். அப்பணி தமக்கு ஊக்கம் அளித்ததை அம்மையார் பலமுறை நன்றியுடன் எடுத்துரைத்தார்.

அம்மையாரின் குழுவினர் தொகுப்பியை மேலும் மேலும் திருத்தினர். 1953-இல் உருவான பதிப்பினை, அதன் உள்ளமைப்பு முழுவதையும் வெளிப்படையாகக் காட்டி, யூனிவாக் பொறி வாங்கியவர்களுக்கு அளித்தனர். அவர்கள் செய்யும் திருத்தங்களைத் திருப்பி அனுப்புமாறும் வேண்டிக்கொண்டனர். ஒருவர் கண்ட திருத்தம் அனைவருக்கும் பயன்படும் அன்றோ!

சொற்களால் ஆணையிடல்

குறிகளும் எண்களும் கணித அறிஞர்க்கு உவப்பானவை. சம்பளப் பட்டியல் தயாரிப்பவர்க்கும், பண்டசாலைக் கணக்கு எழுதுபவர்க்கும் அவை விளங்கா. அவர்கள் நாளும் வழங்கும் சொற்களாலேயே பொறிக்கு ஆணையிடும் நிலை வரவேண்டும் என்று அம்மையார் கருதினார். பொறிக்கு ஆங்கிலம் தெரியாது என்று மேலதிகாரிகள் மறுத்தனர். சொல் என்பதும் பொறிக்கு ஒரு குறியே என்பதை அவர்களுக்கு உணர்த்த, அம்மையார் ஒரே கட்டளைத் தொகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் எழுதிக் காட்டினார். விளைவு வேறாயிற்று. பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கப் பொறி பிற மொழிகளை அறிவதாவது என்று அதிகாரிகள் திகைத்தனர். ஆங்கிலம் ஒன்றையே பயன்படுத்துவதாக உறுதி கூறிய பின்னரே பணி தொடர்ந்தது. அவ்வாறு பிறந்த மொழி ஃப்ளோ-மேட்டிக் எனப் பெயர் பெற்றது. 1958-இல் அது பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது.

இரு பொறிகள், ஒரே கட்டளைத் தொகுதி

இதற்குள் வேறொரு சிக்கல் முற்றிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன் பொறிக்கெனத் தனிமொழி வகுத்தது. ஒரு பொறிக்கு எழுதியது மற்றொன்றிற்குப் பயன்படவில்லை. பழைய பொறியை நீக்கிப் புதியதை வாங்கினால், பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த கட்டளைகள் எல்லாம் வீணாயின. கிணறு இருந்தும், வீட்டுக்கு வீடு வெவ்வேறு வாளியும் கயிறும் வேண்டும் என்ற நிலை போன்றது அது.

மேரி ஹாஸ் என்னும் அம்மையார், எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான வணிக மொழி ஒன்று வேண்டும் என்று முதலில் வற்புறுத்தினார். 1959-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் அரசினரும் கணிப்பொறி நிறுவனத்தாரும் ஏறத்தாழ 40 பேர் கூடினர். தொழிலில் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்கள் பொதுநலம் கருதி ஓரிடத்தில் அமர்ந்தனர். அக்குழுவினரின் உழைப்பால் கோபால் என்னும் கணிப்பொறி மொழி தோன்றிற்று. வணிகத்திற்குரிய பொதுமொழி என்பது அப்பெயரின் கருத்து. ஹாப்பர் அம்மையார் அதற்கு ஆலோசகராக இருந்தார். அவர் வகுத்த ஃப்ளோ-மேட்டிக் அப்புதிய மொழிக்கு முதன்மையான அடிப்படை ஆயிற்று. சிலர் கோபால் மொழியை அம்மையார் ஒருவரே ஆக்கினார் என்பர். அது பலர் கூடி ஆக்கியது என்பதே உண்மை.

1960-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அம்மொழிக்கு உரைகல் வந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பொறியும் யூனிவாக் பொறியும் அமைப்பில் வெவ்வேறானவை. கோபால் மொழியில் எழுதிய ஒரே கட்டளைத் தொகுதியை, சிறு மாற்றங்களுடன், இரண்டு பொறிகளிலும் இட்டனர். இரண்டும் அதனை நிறைவேற்றின. ஒருவர் உழைப்பு ஒரு பொறியோடு அழிந்துவிட வேண்டியதில்லை என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

மீண்டும் வந்த அழைப்பு

1966-ஆம் ஆண்டின் இறுதியில், அறுபது வயது நிறைந்த அம்மையார் கடற்படைச் சேமப்பிரிவிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்வு நீடிக்கவில்லை. கடற்படையின் அலுவலகங்களில் கோபால் மொழி இடத்திற்கு இடம் சிறிது வேறுபட்டு வழங்கத் தொடங்கியிருந்தது. பொதுமொழி கிளைமொழிகளாகச் சிதறினால், பொதுமை எங்கே? அதனைச் சீர்படுத்த 1967-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கடற்படை அவரை மீண்டும் அழைத்தது. ஆறு திங்களுக்கென்று சென்றவர் 19 ஆண்டுகள் பணியாற்றினார்.

பொதுவில் வைக்கும் பொருள் தூயதாக இருத்தல் வேண்டும் என்பதை அம்மையார் நன்கு உணர்ந்திருந்தார். ஒரு வீட்டுக் குடத்தில் மாசு விழுந்தால் அவ்வீட்டார்க்கே கேடு. ஊர்ப் பொதுக் கிணற்றில் விழுந்தால் ஊர் முழுவதற்கும் கேடு. ஆதலின், ஒவ்வொரு தொகுப்பியும் பொதுவிதிகளுக்கு ஏற்ப இயங்குகிறதா என்பதை ஆராயும் சோதனைத் தொகுதிகளை அவரும் அவர் குழுவினரும் ஆக்கினர். நிறுவனத்தார் கூறும் உறுதிமொழி மட்டும் போதாது; சோதனையில் தேறுதல் வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது.

இந்நெறி எத்துணை இன்றியமையாதது என்பதைப் பின்னர் நிகழ்ந்த ஒரு செய்தி காட்டும். நினைவகம் விலைமிக்கதாக இருந்த காலத்தில், ஆண்டினைக் குறிக்க நான்கு இலக்கங்களுக்குப் பதிலாக இறுதி இரண்டு இலக்கங்களையே பலர் எழுதினர். அவ்வழக்கம் ஒரு கட்டளைத் தொகுதியிலிருந்து மற்றொன்றிற்குப் பரவிற்று. 2000-ஆம் ஆண்டு அணுகியபோது, இரண்டு சுழியங்களைப் பொறி 1900 என்று கொள்ளுமோ என்ற அச்சம் எழுந்தது. உலகெங்கும் பல்லாயிரவர் 1990-களில் பழைய தொகுதிகளைத் தேடித் திருத்தினர். நன்மை பெருகும் வழியிலேயே பிழையும் பெருகக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இறுதிக் காலம்

அம்மையார் நாடெங்கும் சென்று இளைஞர்க்கு உரையாற்றினார். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கூட்டத்தினர்க்கு வழங்குவார். ஒரு நொடியை 100 கோடிப் பகுதிகளாகப் பகுத்தால், அவற்றுள் ஒன்றில் ஒளி செல்லக்கூடிய தொலைவு அவ்வளவே என்று விளக்குவார். முன்பு செய்த முறை என்பதற்காகவே ஒன்றைத் தொடர்ந்து செய்வதை அவர் கடிந்தார். அவர் அறைச் சுவரில் இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்று தொங்கிற்று. வழக்கத்தை மாற்றினாலும் கடிகாரம் காலத்தைச் சரியாகவே காட்டும் என்பதை அது காண்போர்க்கு உணர்த்திற்று.

பெரிய பணிக்குப் பெரிய பொறி ஒன்றே தீர்வு என்று பலர் கருதிய காலத்தில், அவர் வேறு வழி கூறினார். ஓர் எருதால் இழுக்க முடியாத மரத்தை இழுக்க, முன்னோர் மாபெரும் எருது ஒன்றை வளர்க்க முயலவில்லை. மற்றோர் எருதைச் சேர்த்துப் பூட்டினர். அதுபோலப் பல பொறிகளை ஒன்றிணைத்து வேலை வாங்குதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெருங் கப்பலின் மேல் அவருக்கு விடையளிப்பு விழா நடந்தது. அப்போது அவர் அட்மிரல் வரிசையில் இடம்பெற்றிருந்தார், வயது 79. அந்நாளில் பணியிலிருந்த கடற்படை அலுவலர்களுள் அவரே மூத்தவர். அதன்பின்னும் ஒரு கணிப்பொறி நிறுவனத்திற்கு ஆலோசகராக இருந்தார். 1991-இல் அமெரிக்கக் குடியரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தம் 85-ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைத்துறை மரியாதையுடன் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. எடை குறைவென்று முன்பு தயங்கிய கடற்படை, 1997-இல் தன் போர்க்கப்பல் ஒன்றிற்கு ஹாப்பர் என்னும் பெயரிட்டுப் பணியில் சேர்த்தது.

வித்தும் விளைவும்

இன்று மேகக் கணிமை என்னும் முறை உலகெங்கும் வழங்குகிறது. பெரிய கூடங்களில் எண்ணற்ற கணிப்பொறிகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு பொறியே பல பொறிகளைப் போல இயங்குமாறு செய்யப்படுகிறது. அவ்வாறு தோன்றும் ஒவ்வொன்றும் மெய்நிகர்க் கணிப்பொறி எனப்படும். இம்முறைக்கு 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிஞர்கள் அடிகோலினர்.

ஒரு நிறுவனத்திற்கு ஆயிரம் மெய்நிகர்க் கணிப்பொறிகள் வேண்டும் என்று கொள்வோம். அடிப்படை இயக்கத் தொகுதி முதல் கணக்கெழுதும் தொகுதி வரை யாவற்றையும் ஒவ்வொன்றிலும் தனித்தனியே நிறுவினால் காலம் வீணாகும். ஒன்றுபோல் மற்றொன்று அமையாது. ஆதலின், ஒரே ஒரு பொறியில் யாவற்றையும் நிறுவுகின்றனர்; நன்கு சோதிக்கின்றனர்; அந்நிலையை அப்படியே ஒரு படிமமாகச் சேமிக்கின்றனர். பின்னர்த் தோன்றும் பொறி ஒவ்வொன்றும் அப்படிமத்திலிருந்தே சில நிமிடங்களில் ஆயத்தமாக எழுகிறது. மீண்டும் நிறுவும் தொல்லை இல்லை. ஆனால், படிமத்தில் ஒரு குறை இருந்தால் அதுவும் ஆயிரம் பொறிகளிலும் தோன்றும். ஆதலின் அதனை ஆக்குவோர் பொறுப்பு மிகப் பெரிது.

இம்முறையை ஹாப்பர் அம்மையார் ஆக்கினார் அல்லர். எனினும், குறிப்பேட்டிலிருந்து நாடாவிற்கும், நாடாவிலிருந்து பொதுமொழிக்கும் அவர் வளர்த்துச் சென்ற கருத்தே இதிலும் விளங்குகிறது. ஒரு வேலையை ஒருமுறை செம்மையாகச் செய்தல், அதனைச் சோதித்தல், பிறர் அறியுமாறு பெயரிட்டுச் சேமித்தல், மனமுவந்து பகிர்தல், பிழை கண்டால் மூலத்திலேயே திருத்துதல் என்னும் இவையே அவர் வாழ்வு காட்டும் நெறிகள். இந்நெறிகள் கணிப்பொறித் துறைக்கு மட்டும் உரியன அல்ல. அறிவை ஒளிக்காமல் பொதுவில் வைப்பவர் மறைந்தபின்னும் அவர் உழைப்பு மறைவதில்லை. முன் ஒருவர் தோண்டிய கிணற்றில் நீர் பருகுவோர், அதனைத் தூயதாகக் காத்துப் பின்வருவோர்க்கு அளித்தல் கடமையாகும்.